ஏழு கால் பூனையும் என் கத்தரிக்கோலும்

ஜூன் 12, வியாழன்

நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கைவேலை சொல்லிக்கொடுக்க என்ன வேண்டும்? குப்பை வேண்டும். அதற்காக இன்று எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினேன்: முட்டை அட்டை, பாட்டில் மூடி, பழைய செய்தித்தாள், கிழிந்த துணி.

யோசனை தலைமை மேடத்துடையது. ‘குறைந்த செலவு, நிறைந்த கற்பனை’ என்று ஜூலை முதல் தேதி ஒரு கண்காட்சி. பள்ளியின் நிர்வாகக் குழு வந்து பார்க்கும். மூன்று வருடமாகத் தற்காலிகமாக இருக்கும் என்னை நிரந்தரமாக்குவதா, இல்லை ஜூலைக் கடைசியில் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதா என்பதையும் அன்றே முடிவு செய்வார்களாம்.

ஆக, என் பிழைப்பு பதினாறு பிள்ளைகளின் கைகளில் இருக்கிறது. அந்தக் கைகள் பெரும்பாலும் மூக்கில் இருக்கின்றன.

ஜூன் 16, திங்கள்

குப்பை வந்து சேர்ந்தது. எல்லாம் புத்தம் புதுசு. ஓர் அப்பா, அட்டை வேண்டுமே என்று முப்பது முட்டை வாங்கியிருக்கிறார். “மூணு நாளா வீட்ல முட்டையைத் தவிர வேற பேச்சே இல்ல மிஸ்” என்றார், கொஞ்சம் வெளிறிப்போய். ஓர் அம்மா பளபளக்கும் மூடிகளைக் கடையில் வாங்கி, உறையைக்கூடப் பிரிக்காமல் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழைய துணி என்றால் பலருக்குக் கௌரவக் குறைச்சல்போல. இஸ்திரி போட்டு மடித்து வந்திருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

அவரவருக்குப் பிடித்த விலங்கைச் செய்யச் சொன்னேன். வகுப்பு முழுக்க மைதாப் பசை. ஒருவன் பசையை ஒட்டுவதற்குப் பதில் சாப்பிட்டான். “நல்லாருக்கா?” என்றேன். “உப்பு இல்ல” என்றான்.

எங்கள் வக்கீலம்மா (எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்கிறாள் என்று நான் வைத்த பெயர், அவளுக்கும் பிடித்திருக்கிறது) ஒரு பூனை செய்தாள். முட்டை அட்டைக் குழி இரண்டு சேர்ந்து உடம்பு, நீல மூடி ஒரே கண், ஏழு கால்.

“பூனைக்கு எத்தனை கால்டா கண்ணு?”

“நாலு.”

“இதுக்கு ஏழு இருக்கே?”

“இது ஓடுது மிஸ். ஓடுறப்போ எண்ணிப் பாருங்க.”

ஓடுகிற பூனையின் காலை யார் எண்ணியிருக்கிறார்கள்?

ஜூன் 26, வியாழன்

தலைமை மேடம் அலமாரியைப் பார்க்க வந்தார்.

“இதெல்லாம் என்ன?”

“விலங்குங்க மேடம்.”

“ம்.”

அந்த ஒரு ‘ம்’ போதும். போகும்போது, “குழு வர்றாங்க. கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டும்” என்றார். யார் பார்க்கிற மாதிரி, எதைப் பார்க்கிற மாதிரி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப்போகிறேன்?

நேற்று பதினாறு விலங்குகளையும் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு முயலின் காதை நிமிர்த்துவதாகத்தான் எண்ணம். சத்தியமாக. ஒரு காது நிமிர்ந்ததும் இன்னொன்று தொங்குவது கண்ணை உறுத்தியது. அதையும் நிமிர்த்தினேன். அப்புறம் பக்கத்திலிருந்த யானை அசிங்கமாகத் தெரிந்தது.

காலையில் இவர் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வில்லை தேய்க்கிற கை. மயிரிழை கோணல்கூட அவருக்கு ஆகாது. “இந்தக் கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லையே” என்று அளவுகோல் எடுத்தார். நாத்தனார் தையல்காரி. மிச்சத் துணிப்பையோடு வந்தாள். “ஏன் அண்ணி, புலிக்கு ஒரு ஓரம் அடிச்சுக் கொடுத்துடட்டுமா?” என்றாள். அடித்தாள். மத்தியானத்துக்குள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கடையில் விற்கிற மாதிரி ஒரு மிருகக்காட்சிசாலை நின்றது.

பூனையின் மூன்று கால்களை நான்தான் வெட்டினேன். இன்னொரு கண்ணும் ஒட்டினேன். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் கோபமாக வருகிறது.

ஜூலை 1, செவ்வாய்

கண்காட்சி. நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர், பெற்றோர் எல்லோரும். “நாலு வயசுல இப்படியா!” என்று ஆளாளுக்கு மூக்கில் விரல் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது பழக்கம்தான், பெரியவர்களுக்கு இன்றுதான்.

பிள்ளைகள்தான் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர்கள் தங்களுடையதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பெயர்ச்சீட்டு வைத்திருந்தேன், ஆனால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாதே.

வக்கீலின் அப்பா பெயரைப் படித்து, “இதோ உன் பூனை!” என்று தூக்கிக் காட்டினார். அவள் வாங்கவில்லை. விரல் வைத்துக் கால்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“இது என்னுது இல்ல.”

“உன் பேருதான்மா போட்டிருக்கு.”

“இது என்னுது இல்லப்பா.”

“பாருங்க, எவ்வளவு அடக்கம்!” என்றார் குழுவில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. ஒரு பாட்டம் அழுது தொலைத்திருக்கக் கூடாதா இந்தப் பொண்ணு?

ஜூலை 2, புதன்

நிரந்தரம் ஆகிவிட்டது. இவர் கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். எனக்கு மட்டும் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

புதுப் பசை காய்ச்சினேன். காகிதச் சுருளில் பறவை செய்யலாம் என்றேன். யாரும் எதையும் தொடவில்லை. பசைக்காரன்கூடக் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

“ஏன், பண்ணலாமே?”

வக்கீல் தன் அட்டையை என் பக்கம் தள்ளினாள். “நீங்களே பண்ணுங்க மிஸ்.”

“இது உன்னோட பறவைடா.”

“அப்புறம் நீங்கதானே பண்ணுவீங்க?”

வரிசையாகப் பதினாறு அட்டைகள் என் முன்னால் வந்தன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் காத்திருந்தார்கள். மூன்று வருடமாக இந்த ஒழுங்கு வேண்டும் என்றுதான் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜூலை 14, திங்கள்

பொறுக்க முடியாமல் தலைமை மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

“நாலு வயசுப் பிள்ளைக்குப் புலித் துணியில ஓரம் அடிக்க வருமான்னு எனக்குத் தெரியாதா? பொறுப்பா உக்கார்ந்து முடிச்சுக் கொடுத்தீங்களே, அதுக்குத்தான் உங்களுக்குப் போஸ்ட்.”

அதோடு விடவில்லை. அடுத்த மாதம் மற்ற பள்ளி ஆசிரியைகளுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். தலைப்பு: ‘பிள்ளையின் சொந்தக் கை’. வகுப்பில் பிள்ளைகள் செய்த புது வேலைகளைப் படம் எடுக்க இருபத்திரண்டாம் தேதி அவரே வருவாராம். “போன தடவை மாதிரியே பண்ணிடுங்க.”

சிரிப்பதா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதா?

ஜூலை 17, வியாழன்

இன்று அவர்களிடம் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் கீழே உட்கார்ந்து சொன்னேன்.

“உங்க பொம்மையை எல்லாம் நான் மாத்திட்டேன். உங்களைக் கேட்கல. பூனைக் காலை வெட்டினதும் நான்தான். தப்பு.”

“அந்தக் கால் எங்க?” என்றாள் வக்கீல்.

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“மூணுமா?”

“மூணும்.”

யோசித்தாள். பதினைந்து பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். நான் நிர்வாகக் குழுவுக்கு முன்னால்கூட இப்படி நின்றதில்லை.

“அப்போ நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாங்க மாத்துறோம்.”

குதிரை செய்தேன். வீம்புக்கு நன்றாகவே செய்தேன். பிடரிக்கு நூல், நான்கு கால், மட்டம் பார்த்து ஒட்டிய கண்கள். முடித்து நடுவில் வைத்ததும் எல்லோரும் அதன்மேல் விழுந்தார்கள். பசைக்காரன் ஒரு கண்ணைப் பிடுங்கினான். இன்னொருத்தி பிடரியை வெட்டி வயிற்றில் ஒட்டினாள். வக்கீல் கத்தரிக்கோலைக் காதருகே கொண்டுபோனபோது, என்னையறியாமல், “ஐயோ, காது வேண்டாம்டா, அது நல்லாருக்கு!” என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. “உங்களுக்கு வலிக்குதா மிஸ்?”

“ஆமா.”

“எனக்கும்” என்றாள். காதை வெட்டினாள். முட்டை அட்டையில் ஐந்து கால் கூடுதலாக ஒட்டினாள். அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் பதினோரு நாளுக்கு அப்புறம் அவர்கள் பசையில் கை வைத்தது இன்றுதான் என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான். எனக்குப் பதினொன்றாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு ஓரமாகப் போய் அழத் தோன்றியது. அதற்கும் விடவில்லை. வால் எங்கே ஒட்டுவது என்று அவர்களுக்குள் சண்டை.

ஜூலை 22, செவ்வாய்

தலைமை மேடம் கேமராவோடு வந்தார். மேசையில் ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காதும் ஒன்பது காலுமாக அந்தக் குதிரை. சுற்றிலும் காகிதச் சுருள் பறவைகள், பாதிக்கு மேல் எந்தப் பக்கம் தலை என்று எனக்கே தெரியாது.

“இது எந்தப் பிள்ளை பண்ணினது?”

வக்கீல் எழுந்து நின்றாள். “மிஸ் பண்ணினது. நல்லா வரல. நாங்கதான் சரி பண்ணிக் கொடுத்தோம்.”

மேடம் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கேமராவை உறைக்குள் போட்டார். பயிற்சிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நிரந்தரமாக்கியவளை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒன்பது கடிதம் எழுத வேண்டுமாம், அதையும் பெருமூச்சோடு சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மணி அடிக்கிறவரை பதினாறு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வெட்டினார்கள், ஒட்டினார்கள். ஒருவர்கூட ‘மிஸ்’ என்று கூப்பிடவில்லை.