குமரவேல் விட்டுக்கொடுத்த சீட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கம்பெனி ஷிப்ட் பஸ்ஸில் குமரவேலின் ஜன்னல் சீட்டில் இன்று யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இடத்துக்காக அவன் பாய்ந்து சட்டையைப் பிடிக்காத ஆளே எங்கள் செக்‌ஷனில் இல்லை. இன்று ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"பரவால்லப்பா, திருந்திட்டான்" என்று பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு வாரமாகவே அவன் யாரோடும் சண்டை போடவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. யாரையாவது அடித்துவிடுவான் என்றுதான் இத்தனை வருஷமும் பயந்தோம். அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று யாரும் பயந்ததில்லை.

அவன் இறங்கும் பிளாக்கில் நானும் இறங்கினேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நேராகவே கேட்டேன்.

"குமரா, செத்துப் போயிடலாம்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

அறைவான் என்று எதிர்பார்த்தேன். பூட்டில் சாவியைப் போட்டபடி அப்படியே நின்றான்.

"ஊரு பூரா சண்ட போட்டு முடிச்சிட்டேண்ணே. இப்ப எம்மேலதான் கோவம் வருது."

தனிக்கட்டையை அங்கே விட்டுவர மனம் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். காலையில் டாக்டரிடம் போகலாம் என்றதற்குத் தலையாட்டினான். அந்தக் கோபம் ஒருநாள் அவன் பக்கமே திரும்பும் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

ஹாலில் படுத்திருக்கிறான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இப்போது குரல் வருகிறது.

"எவன்யா ஃபேன கொறச்சி வெச்சது? கொசு புடுங்குது!"

அவன் கத்துவது எனக்கு நிம்மதியாக இருந்தது இன்றைக்குத்தான். போய் ஃபேனைக் கூட்டி வைக்கிறேன்.