தெற்கில் மறைப்பில்லை

அரியலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகனுக்கு,

என் முழங்காலைப் பற்றி எழுதப்போவதில்லை.

"டெலஸ்கோப் வாங்கி அனுப்பறேம்மா. நம்ம மாடியிலேர்ந்து எந்தப் பக்கம் எவ்வளவு வானம் மறையுதுன்னு வரைஞ்சு அனுப்பு" என்றாய். அப்பா போனபின் நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. திசைகாட்டியும் நூல் கட்டிய கோணமானியுமாக மூன்று நாள், பத்துப் பத்து டிகிரியாகச் சுற்றிலும் அளந்தேன். சிமென்ட் ஆலைப் புகைபோக்கி நான்கு டிகிரி உயரம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பதினொன்று; சந்தேகம் வந்து, மறுபடி ஏறி அளந்தேன். தெற்கே மறைப்பே இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து உனக்கு அனுப்பினேன்.

நேற்று சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் அதே தாளை நான்காக மடித்து எடுத்து வந்தார்.

"சார் குடுத்தாருங்கம்மா. தெக்கால ஒரு நெழலும் வுழாது. மாடி முழுக்க தகடு போட்டுடலாம்."

"டெலஸ்கோப்பை எங்கே வைப்பது?"

"அது என்னங்கம்மா? சார் ஒண்ணும் சொல்லலியே."

காபி கொடுத்து அனுப்பினேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சோலாருக்கு என்று கேட்டிருந்தாலும் இதே கவனத்தோடு அளந்திருப்பேன். பாதி மாடியை விட்டும் கொடுத்திருப்பேன். நீ ஆசை காட்டி வேலை வாங்கினாய்.

டெலஸ்கோப்புக்கு நானே கடையில் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வா, சாப்பிடு, தூங்கு. மாடிக்கு மட்டும் என்னைக் கேட்டுவிட்டு ஏறு.

அம்மா