பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கெமிஸ்ட்ரி

என் ஆசை நைனா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. உன்னைத் தவிர வேறு யாரிடம் நான் உரிமையாகக் கோபப்பட்டிருக்கிறேன், நீயே சொல்லு?

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம். சேக்காட்டு வீட்டில் எல்லோரும் சுகம். உன் ஷேர் ஆட்டோவை விற்கவில்லை, மாமாதான் ஓட்டுகிறார். ரிசல்ட் வருவதற்கு முன்பே அதன் முதுகில் ‘கலா எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி’ என்று நீ எழுத வைத்தாயே, அதுவும் அப்படியே இருக்கிறது. நான் ஃபெயிலாகியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

நம் தேவி பிளஸ் டூ பாஸாகிவிட்டாள். அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால், கண்ணைக்கூட இமைக்காமல் கெமிஸ்ட்ரி என்கிறாள். வீட்டில் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

“இன்னாத்துக்குமா உனுக்கு அது? உங்கக்கா ரெண்டு டிகிரி வாங்கி இன்னாத்த கிழிச்சிட்டா?” என்றார் மாமா. “பட்டாபிராம்ல நம்ம பையன் ஒருத்தன், மூணு மாசம் கம்ப்யூட்டர் கத்துகினு ஐடில பூந்துட்டான். காரு வாங்கிட்டான். இவ இன்னும் என் ஆட்டோல குந்திகினுதான் எஸ்டேட்டுக்குப் போய்க்கினு கீறா.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

பி.எஸ்சி.க்குப் பெரிதாகச் செலவாகவில்லை. எம்.எஸ்சி.யில்தான் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று கழுத்தைப் பிடித்தார்கள். லேப் ஃபீஸ் தனி, பிராஜெக்ட்டுக்குத் தனி, கை தவறி உடைந்த கண்ணாடிக் குழாய்க்கும் தனி. நீ ஞாயிற்றுக்கிழமையும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தாய். ஒருநாள் சில்வர் நைட்ரேட் பட்டு என் விரல்கள் கறுத்ததைப் பார்த்துப் பதறிப்போய்த் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாய். அது தேய்த்தால் போகாது நைனா, தானாக உரிந்தால்தான் உண்டு என்று நான் சிரித்தேன். உடனே, அது ஏன் கறுக்கிறது என்று கேட்டாய். சொன்னேன். மறுநாள் ஆட்டோவில் ஏறியவர்கள் எல்லோருக்கும் நீ அதைச் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் ஒரு காரியம் செய்தாயே! அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பெயிண்ட்டும் தின்னரும் செய்கிற அந்தக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நீயும் கூட வந்தாய். மேனேஜர் என்னுடைய ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் கேட்டார். பார்த்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். “இங்கேயே இருக்கட்டும், எல்லோரும் அப்படித்தான் கொடுப்பாங்க” என்றார். நான் தயங்கினேன். நீ ஃபைலை என் கையிலிருந்து வாங்கி, கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாய்.

“பத்திரமா வெச்சிக்கோங்க சார். நம்ம ஊட்ல மழ பேஞ்சா தண்ணி பூந்துடும். போன தபா இத்த தலமேல வெச்சிகினுதான் வெளிய வந்தேன்.”

வெளியே வந்து டீ குடிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “பாத்தியா கண்ணு, கம்பெனிக்காரனே பீரோல வெச்சிப் பூட்டிக்கிறான்னா உம் படிப்புக்கு எவ்ளோ மரியாத!” என்றாய்.

மரியாதையா அது? மாட்டுக்குக் கயிறு, நைனா!

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். சேர்ந்த இரண்டாவது வருஷமே வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் ஏறக்குறைய இரண்டு பங்கு. சேரும் நாளன்று ஒரிஜினலைக் காட்டச் சொன்னார்கள். நான் கேட்டதற்கு மேனேஜர், “ஓனர் வரட்டும்மா” என்றார். ஓனர் வந்தார், போனார். அந்த வேலை இன்னொரு பெண்ணுக்குப் போயிற்று. அப்புறம் இன்னொன்று வந்தது, அதுவும் அப்படியே கைநழுவியது. நான் எங்கேயும் போக முடியாது என்று தெரிந்த பிறகு எனக்கு எதற்குச் சம்பளம் கூட்டுவார்கள்? பேர்தான் கெமிஸ்ட். டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன், பில் அடித்தேன், விருந்தாளி வந்தால் காபியும் வாங்கி வந்தேன். ஒருமுறை சரக்கு டேங்கரில் வந்த கரைப்பானில் கலப்படம் இருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். பெரிய நஷ்டம் தப்பியது. ஓனர் சபாஷ் என்றார். அதோடு சரி.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? சொல்லியிருந்தால் மறுநாளே போய் அந்த மேனேஜர் காலில் விழுந்திருப்பாய். அதை என்னால் பார்த்திருக்க முடியாது.

இந்த முறை பூந்தமல்லிப் பக்கம் மருந்துகளைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை கிடைத்தது. நான் படித்த படிப்புக்கென்றே இருக்கிற வேலை. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, சொன்ன நாள்வரை வேலையும் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“ஓனர் ஊர்ல இல்லையேம்மா” என்றார் மேனேஜர். “பீரோ சாவி அவர்கிட்டதான் இருக்கு. ரெண்டு மாசம் இருந்து புதுசா வர்ற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயேன். ஃபேமிலி மாதிரி பழகிட்டோம், இப்படி அவசரப்படலாமா?”

ஃபேமிலியாம்! உன் சாவுக்கு மாலை போட்டுவிட்டு, அந்த மாசமே என் சம்பளத்தில் லீவுக்குப் பிடித்த ஃபேமிலி!

வாசலில் லோடு ஏற்றிய லாரி நின்றுகொண்டிருந்தது. எங்கள் கம்பெனிச் சரக்கு எங்கே போனாலும் கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் போக வேண்டும். அதில் கெமிஸ்ட் கையெழுத்து இல்லையென்றால் வாங்குகிறவன் கேட்டைத் திறக்க மாட்டான். அன்றைய சோதனைகளை ஒன்று விடாமல் செய்து, ரிப்போர்ட்டை அடித்து மேஜைமேல் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்து, “எம்மா, ரிப்போர்ட்டு குட்தீன்னா கெளம்பிக்கினே இருப்பேன்” என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! பேனாவை மூடினேன்.

“ஓனர் ஊர்லேர்ந்து வரட்டும் சார். இதுல அவரே கையெழுத்துப் போடட்டும்” என்றேன்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. “கொண்டா, நானே போட்டுக்கறேன்.”

“நீங்க படிச்சது பி.காம் சார்.”

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மேனேஜர் கத்தினார், கேஸ் போடுவேன் என்றார், அப்புறம் கெஞ்சினார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அந்தச் சாவி எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த மனுஷனின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து! இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது. ஓனர் ஊருக்குப் போனாராம், சாவி கூடவே போயிற்றாம்!

என் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், லாரி போயிற்று.

ஆனால் நைனா, அந்தப் பீரோவில் என்னுடையது மட்டும் இல்லை. தட்டு முழுக்க ஃபைல்கள். சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள், கல்யாணம் ஆகிப் போனவர்கள், கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டுப் போனவர்கள். இவர்களுக்கும் ஒரு அப்பாவோ அம்மாவோ உழைத்துத்தானே படிக்க வைத்திருப்பார்கள்? கெமிஸ்ட்ரி படித்தால் சோறு போடாது என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, படித்ததை எவன் பூட்டி வைத்திருக்கிறான் என்று யாராவது கேட்டார்களா? மேனேஜர் கதவைச் சாத்துவதற்குள் இரண்டு ஃபைலின் மேல் எழுதியிருந்த பேரைப் படித்துவிட்டேன். அதில் ஒருத்தி எனக்கு முன்னால் அங்கே கெமிஸ்டாக இருந்தவள். நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது துணிக்கடையில் நிற்கிறாளாம். சர்டிஃபிகேட் எப்போதோ தொலைந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாளாம். அழுதாள். அடுத்த வாரம் அவள் ஃபைலைக் கேட்டு வாங்க அவளோடு போகிறேன். அங்கே எனக்கு இனி வேலை இல்லை, பயமும் இல்லை.

நேற்று புது லேபில் சேர்ந்துவிட்டேன். ஒரிஜினலைப் பார்த்தார்கள், நகல் எடுத்துக்கொண்டார்கள், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். இவ்வளவுதான் விஷயம், நைனா. இதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று ஓவென்று அழுதேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என்னவோ ஏதோவென்று தண்ணீர் கொடுத்தார்கள். உன்மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. உனக்குத் தெரிந்திருந்தால் ஃபைலைக் கொடுத்திருப்பாயா? மாட்டாய். எனக்குத் தெரியும்.

மாமாவிடம் பேசிவிட்டேன். தேவி கெமிஸ்ட்ரிதான் படிக்கப்போகிறாள். ஐடி அளவுக்குச் சம்பளம் வராது, காரும் சீக்கிரம் வராது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். “பரவால்லக்கா, எனுக்கு அதான் புடிச்சிகீது” என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் படித்து முடித்து முதல் வேலைக்குப் போகும் நாளில், உன் இடத்தில் நான் கூடப் போவேன். ஃபைல் என் மடியில்தான் இருக்கும். கேட்டால் காட்டுவேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். “இங்கே வெச்சிட்டுப் போங்க” என்று ஒரு வார்த்தை வந்தால், ஃபைலையும் எடுத்துக்கொண்டு, உன் சின்னப் பெண்ணையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் பாதிக் கோபம் மீதி வைத்திருக்கிற
உன் பெரிய பொண்ணு கலா