பன்னிரண்டு தாளும் ஒரு வயலட் கிரேயானும்

ஜனவரி 12, ஞாயிறு

பெஹாலா சௌரஸ்தா ஜெராக்ஸ் கடையில் உயிரெழுத்து பன்னிரண்டையும் அச்சடித்து வந்துவிட்டேன். தாளுக்கு ஒரு பெரிய எழுத்து, உள்ளே வெற்றிடம். பக்கத்தில் ஒரு படம், அதுவும் வெறும் கோடுதான். கீது கலர் அடிக்க வேண்டியது, எழுத்து தானாக மண்டையில் ஏற வேண்டியது. இணையத்தில் சும்மா கிடக்கிறது. இதற்குப் போய் ஊரில் டியூஷன் வைக்கிறார்கள்.

வசு ப்ரமோஷனில் சென்னைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி, எந்த ஊருக்கும் மாற்றுவார்கள். எனக்குக் கிடர்பூர் டாக்கில், அதாவது துறைமுகத்தில், கிரேன் பராமரிப்பு. கிரேனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போக முடியாது. நடுவில் கீதாஞ்சலி, ஆறரை வயது, இங்கேயே பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ் பேசுவாள், வாசலைத் தாண்டினால் பெங்காலிதான். தமிழில் ஓர் எழுத்து தெரியாது.

நேற்று போனில் வசு தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "மே மாசத்துக்குள்ள அவ எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டான்னா ஜூன்ல இங்க ரெண்டாங்கிளாஸ்ல சேர்த்துருவேன். இல்லன்னா இன்னொரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணும் தெரியாம வந்து கிளாஸ்ல முழிச்சிட்டு நிக்க வேண்டாம்."

"மே எதுக்கு? நாலே வாரம். பிப்ரவரி ஒம்பதாந்தேதி பரீட்சை வச்சுக்கோ" என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆறு தாள் முடிந்துவிட்டது. நான் டாக்கிலிருந்து வர ஏழு ஆகிவிடும். அதுவரை கீது பக்கத்து ஃபிளாட் பௌதி வீட்டில்தான் இருப்பாள். பௌதி என்றால் இங்கே அண்ணி. அவர் மகள் அனன்யாவும் கீதுவும் ஒரே கிளாஸ். அனன்யாவும் கேட்கிறாள் என்று இன்னொரு செட் அச்சடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்கக் குப்புறப் படுத்துக்கொண்டு கலர் அடிக்கிறார்களாம். சத்தமே இல்லையாம். பௌதிக்கு என் மேல் ஒரே மரியாதை.

கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட சட்டம். கீது தாண்டுவதே இல்லை. என் மகள்.

ஜனவரி 24, வெள்ளி

மஞ்சள் கிரேயான் தீர்ந்துவிட்டது. பச்சையும். இன்று வந்த ஆடு வயலட், ஏணி வயலட், ஈயும் வயலட்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சரஸ்வதி பூஜை. மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பந்தலுக்குப் போய்ப் பன்னிரண்டு தாளையும் அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்தார்கள். இன்றைக்குப் படிக்கவே கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். "ஒரு தடவை சொல்லிப் பாத்துருவோமாட்டி" என்று கேட்டதற்குக் கீது காதைப் பொத்திக்கொண்டாள். சரி, பாவம் எனக்கு எதற்கு? பாடம் முடிந்தாயிற்று. ஃப்ரிட்ஜ் கதவில் இடமே இல்லாமல் ஒட்டியிருக்கிறேன். ஆபீஸில் இருவருக்கு இந்த முறையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மண்ணைக் கவ்வினேன்.

வீடியோ காலில் வசு ஒரு காகிதத்தில் எ என்று எழுதிக் காட்டினாள். படம் கிடையாது, வெறும் எழுத்து. கீது அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். வசு ஆ-வைக் காட்டினாள். அதே கதை. நான் விடுவேனா? ஃப்ரிட்ஜிலிருந்து எலிப் படத்தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இப்போது பளிச்சென்று பதில் வந்தது.

"இ!"

"ஏட்டி, இது இ-யா? எதுக்கு இ?"

"இந்தூர்தானே அப்பா!"

எலிக்குப் பெங்காலியில் இந்தூர். ஆட்டுத்தாளைக் காட்டினேன். "சா." சாகொல் என்றால் ஆடாம். இலை? "பா." பாதா. அணிலைக் காட்டியபோது சரக்கு ரயில் மாதிரி நீளமாக ஒரு பெயர் சொல்லி, எழுத்து "கா" என்று முடித்தாள். உரலைப் பார்த்து டோல் என்றாள், கொட்டு மேளமாம். அதனால் அது "டோ". எல்லாவற்றையும் தயங்காமல் சொன்னாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் தப்பு.

வசு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாலு வாரம்! நாலு வாரம் என்னத்தைக் கிழித்தேன்?

பிப்ரவரி 10, திங்கள்

பௌதியிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கீது கலர் அடிக்கும்போது அனன்யாதான் படத்துக்கெல்லாம் பேர் சொல்லிக் கொடுத்தா, உத்தம் தா. நல்லதுதானே?" உத்தம் நான்தான், தா என்றால் இங்கே அண்ணன். படத்தின் பெயரில் முதலில் வருவதுதான் எழுத்து என்று பிள்ளைகளே கண்டுபிடித்திருக்கிறார்கள். புத்திசாலிகள்தான். எழுத்தின் ஓசையை வாய்விட்டுச் சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆள் நான். டாக்கிலிருந்து வந்து, 'ஆச்சா? பேஷ்!' என்று தாளை வாங்கி ஒட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

பரவாயில்லை. யானைக்கும் அடி சறுக்கும். புதிய தாள் அச்சடித்து, இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வசு போன் பண்ணினாள். சிரித்தது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, குரல் இறங்கியிருந்தது. "கஷ்டப்படுத்தாதீங்க. இன்னொரு வருஷம் அங்கேயே இருக்கட்டும். நான் மாசம் ஒரு தடவை வந்து பாத்துக்கிடுதேன்."

"ஏன், முடியும்" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. "பாப்போம்" என்றேன்.

இங்கே பொய் எழுதி என்ன பிரயோஜனம்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கீது வாசித்தால் போய்விடுவாள். வாசிக்காவிட்டால் இங்கேயே இருப்பாள். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஓடி வந்து "அப்பா, ஆஜ் கீ எனேச்சோ?" என்று பையைப் பிடுங்குவாள், என்ன வாங்கி வந்தாய் என்று. அது இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றும் அச்சடிக்கவில்லை. கடை மூடியிருந்தது.

கடை திறந்துதான் இருந்தது.

மார்ச் 1, சனி

காலையில் சமையலறையில் டப்பா உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் கீது தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மளிகை டப்பாக்கள் எல்லாம் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வசு போகும்போது எனக்காக ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி எழுதிவிட்டுப் போயிருந்தாள்: கடுகு, உளுந்து, மிளகு, சீரகம். உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அவள் நினைப்பு.

கீது மடியில் அந்த வயலட் உரல் தாள். அதை ஒரு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"இது அம்மா எழுதினதுதானே? இங்கயும் இந்த எழுத்து இருக்கு, பாருங்க. இதே மாதிரி." உளுந்து டப்பாவின் உ-வைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா இதுல என்ன எழுதியிருக்கா?"

"உளுந்துன்னு எழுதியிருக்கா."

"அப்புறம்? வேற ஒண்ணும் எழுதலையா?"

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். நான் ஸ்டவ்வைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அம்மா கையெழுத்து வீடு முழுக்க இருக்கிறது, பிள்ளைக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரமாக நான் சும்மா இருந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய சுயநலக்காரன் நான்! வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடை திறந்தவுடன் முதல் ஆள் நான்தான்.

மார்ச் 2, ஞாயிறு

இந்தத் தடவை என் சொந்த முறை. படத்தையெல்லாம் காகிதத்தால் மறைத்து வெறும் எழுத்தை மட்டும் பிரதி எடுத்தேன். பக்கத்தில் காலி இடம். நான் எழுத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே கலர் அடிக்க வேண்டும், பிறகு அந்த ஓசையில் தொடங்குகிற எதையாவது அவளே வரைய வேண்டும். எந்த பாஷையாக இருந்தாலும் சரி. அவள் உலகத்தில் இருக்கிற பொருளாக இருந்தால் போதும்.

அ-வுக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. அனன்யா, இரட்டைச் சடையோடு. உ-வுக்கு உளுந்து டப்பா. இ-க்கு இலிஷ் மீன். அந்த மீனுக்கு மட்டும் அரை மணி நேரம் செதில் போட்டாள். படத்தை அனுப்பினேன், வசு உடனே கூப்பிட்டாள்.

"இலைன்னுதானே எல்லா ஊர்லயும் போடுவாங்க?"

"இலையை யாரு திங்கா? இலிஷ்னா சாகுற வரைக்கும் மறக்க மாட்டா."

அப்புறம் நானாகவே கேட்டேன்: "ஏன் கீது, அ-வுக்கு அப்பான்னு போடக் கூடாதா?"

"உங்க மூஞ்சி எனக்கு வரைய வராதுப்பா. மீசை காக்கா மாதிரி வந்துரும்."

இருக்கட்டும். ஊருக்கெல்லாம் எழுத்து உண்டு, எனக்கு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

உயிரெழுத்து முடிந்தது. படத்தை மறைத்துக் கேட்டேன், தலைகீழாகக் கேட்டேன், பாதி தூக்கத்தில் கேட்டேன். பன்னிரண்டும் சரி. உயிர்மெய்க்கு மளிகை டப்பாக்களே போதும். க கடுகு, சீ சீரகம், மி மிளகு. அனன்யாவும் படிக்கிறாள். நேற்று பௌதி வீட்டுச் சர்க்கரை டப்பாவில் அவள் ச எழுதி ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

இரண்டு மாதம் வீணாகவில்லை என்றுதான் சொல்வேன். தப்பு முறை எது என்று திட்டவட்டமாகத் தெரிந்துகொண்டோம் அல்லவா?

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். நாளைக்கு இந்த ஊருக்கு வருஷப் பிறப்பு. கீது இரண்டுக்கும் புதுத் துணி கேட்டு வாங்கிவிட்டாள்.

வீடியோ காலில் வசு ஒரு காகிதத்தை எடுத்துப் பிடித்தாள். கீது மூக்கு போனில் இடிக்கிற மாதிரி நெருங்கிப் போய் வாசித்தாள்.

"கீ... து. கீது. அ... ம்... மா... கி... ட்... ட... வா."

உதடு அசைந்தது. பிறகு ஒரே மூச்சில்: "கீது அம்மாகிட்ட வா!"

அந்தப் பக்கம் போன் சாய்ந்துவிட்டது. மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. வசு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கீது என்னைப் பார்த்து, "அம்மா ஏன் அழுதா? தப்பா வாசிச்சுட்டேனா?" என்று கேட்டாள்.

"சரியா வாசிச்சுட்டட்டி. ரொம்பச் சரி."

ஜெயித்துவிட்டேன். எனக்கு ஒரே பெருமை, கூடவே ஜூனில் போய்விடுவாளே என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 25, ஞாயிறு

வசு வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஹௌராவில் ரயில் ஏற்றிவிட்டேன். பிளாட்பாரத்தில் எழுதியிருந்த எந்தப் பலகையையும் கீது விடவில்லை. "இதுல ஏன் தமிழ் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அனன்யா தன் பன்னிரண்டு தாளையும் கட்டி அவளிடம் கொடுத்துவிட்டாள், கீதுவுடையதில் அ மட்டும் என் ஃப்ரிட்ஜில், மற்றதெல்லாம் இவளிடம். நான் அழவில்லை. வண்டி நகர்கிற வரைக்கும்.

மே 26, திங்கள்

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். பௌதி ஒரு கிண்ணத்தில் கிச்சுரி கொண்டுவந்து கொடுத்தார், அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்தது.

ஜூன் 2, திங்கள்

கீதுவுக்கு முதல் நாள் பள்ளிக்கூடம். டீச்சர் பலகையில் எழுதியதை எழுந்து நின்று வாசித்தாளாம். இ-க்கு இன்னொரு பிள்ளை இலை சொல்ல, இவள் இலிஷ் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். டீச்சர் அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். கீது பலகைக்கே போய் வரைந்து காட்டிவிட்டு வந்திருக்கிறாள். முழிக்கவில்லை. நான்தான் அன்றைக்கே சொன்னேனே.

ஜூலை 5, சனி

கதவிடுக்கில் ஓர் உறை. முகவரி வசுவின் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு தாள்.

கையால் கோடு இழுத்த பெரிய அ, உள்ளே வெற்றிடம். பக்கத்தில் ஒரு கிரேன், அதன் காலடியில் ஓர் ஆள். முகம் வராது என்பதால் ஹெல்மெட்டை மூக்கு வரைக்கும் இறக்கிவிட்டிருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு காக்கா மீசை. அடியில் அவளே எழுதியிருந்தாள்:

"அப்பா. கலர் அடிச்சு அனுப்புங்க. கோட்டைத் தாண்டக் கூடாது."

நின்றபடியே மூன்று தடவை வாசித்தேன். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன். எழுதி வைப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

டிராயரில் கிரேயான் டப்பாவைத் தேடினேன். வயலட் ஒன்றுதான் இருந்தது. ஹெல்மெட் மஞ்சள், அதை வயலட்டில் அடித்தால் டாக்கில் என்னை யார் உள்ளே விடுவார்கள்? மழையில் கடைக்குப் போய்ப் புது டப்பா வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து அ, அ என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அதுதானே முறை. முடித்துப் பக்கத்து வீட்டில் காட்டினேன். அனன்யா தாளை விளக்கடியில் பிடித்து வாத்தியார் மாதிரி பார்த்துவிட்டு, மீசையில் மட்டும் கோட்டைத் தாண்டிவிட்டேன் என்றாள். மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுவேன். ஜெராக்ஸ் கடை மூடுவதற்குள் ஓடிப்போய் எனக்கென்று ஒரு கலர் பிரதி எடுத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜில் இரட்டைச் சடை அனன்யாவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே அதை ஒட்டினேன்.