செத்ததாக எழுதிய ஆலிவ் கன்று

14 அக்டோபர் 1971, பிராங்பேர்ட்

நாளை காலை ஆய்வுக்கூடத்தில் உயிரோடிருக்கும் ஆலிவ் கன்றுகளையெல்லாம் வேரோடு பிடுங்கி, உலர் அடுப்பில் காய வைத்துப் பொடியாக்க வேண்டும். ஆறு மாதமாக அவற்றுக்கு உப்புத் தண்ணீர்தான் ஊற்றினேன். தாக்குப்பிடித்த ரகம் உப்பை வேரிலேயே நிறுத்திக்கொண்டு இலைக்கு விடவில்லை என்று நினைக்கிறேன். பொடியைச் சோதித்தால்தான் உறுதியாகும்.

தரை துடைக்க வரும் எலெனி அம்மாள் கிரேக்க நாட்டுக்காரர். இதைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் பொது, அரைகுறை ஜெர்மன்.

“இத்தனை உப்பையும் குடிச்சுட்டுப் பொழச்சு நிக்குது. அதையா அடுப்புல போடப் போறீங்க?”

மூலையில், உப்புத் தாங்காத ரகத்தில் ஒரு கன்று இலையெல்லாம் கருகி உதிர்ந்து நின்றது. செத்ததாகப் போன வாரமே பதிவேட்டில் எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை.

“சாகல, தம்பி.” பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருமுறைகூட நான் சுரண்டிப் பார்த்ததில்லை. என்மேலேயே எரிச்சலாக இருக்கிறது. பதிவேட்டைத் திருத்துவதுதான் முறை. திருத்தினால், அவர் வீட்டுக்குப் போய்க் கன்றைத் திரும்ப வாங்கி, அதையும் அடுப்பில் வைக்க வேண்டும்.

பதிவேடு பக்கத்தில்தான் கிடக்கிறது. இன்னும் திறக்கவில்லை.