மேல் அறையையும் சேர்த்தால்

விசிட்டா, கான்சஸ்
ஜூலை 9, 2023

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது,

நான் நலம். வீடுதான் நலமில்லை. போன செவ்வாய் ஏசி ஒரு இருமல் இருமிவிட்டுப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நானே பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்தேன். அதுவரை சத்தமாவது வந்துகொண்டிருந்தது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை, எழுதினால் கோபம் வந்து சேர நான்கு நாளாகும் என்று நீதான் சட்டம் போட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஹெக்டர் என்று ஒரு ஏசிக்காரர் வந்தார், உன் வயதுதான் இருக்கும். ஏசியும் ஹீட்டரும் ஒன்றாகப் பிறந்தவை, இருபத்தாறு வயது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். பிறகு கேட்டார்:

"கீழ் வீடு மட்டும்னா ஒன்பதாயிரத்து நானூறு டாலர் சார். மேல் ரூமையும் சேர்த்தா மிஷினும் பெருசு, காத்துக் குழாயும் புதுசு. பதிமூணாயிரத்து இருநூறு. மேல யாராச்சும் இருக்காங்களா?"

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அப்படி மூன்று 'நாளைக்கு' ஆகிவிட்டது.

மேலே உன் பழைய அறையில் கட்டிலும் தையல் மிஷினும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வேர்க்காது. இருந்தாலும் உன்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தேன்.

பகலெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பட்டாணிப் பெட்டியருகே நின்று பேப்பர் படிக்கிறேன். கல்லாவில் இருக்கும் பெண் நேற்று, "இன்னைக்காவது பட்டாணி வாங்குவீங்களா?" என்றாள்.

உன் அப்பா,
லேலண்ட்

செயின்ட் பால், மினசோட்டா
ஜூலை 15

அன்புள்ள அப்பா,

சின்ன மிஷினே போதும். அந்தப் பெண்ணுக்காக ஒரு பட்டாணிப் பொட்டலமும் வாங்குங்கள்.

நான் கிறிஸ்துமஸுக்கு வந்தால் நெடுஞ்சாலை விடுதியில்தானே தங்குகிறேன். மூன்று வருடமாயிற்று. அங்கே என் பேரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். அந்த மேல் அறையில் பதினோரு குளிர்காலம் கோட்டோடு தூங்கியிருக்கிறேன். அம்மாவும் நானும் குளிருகிறது என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள், "சூடு மேலதான் ஏறும் பிள்ள, இது விஞ்ஞானம்" என்பீர்கள். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஹால் தெர்மோஸ்டாட் பக்கம் யாரும் போய்விடாமல் காவலும் நிற்பீர்கள். அந்தச் சண்டையை இனியும் போட எனக்குத் தெம்பில்லை.

மிச்சப் பணத்தில் உங்கள் படகுக்குப் புது மோட்டார் வாங்கிக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

மார்லா

விசிட்டா
ஜூலை 22

மகளே,

உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி ஹெக்டரிடம் சின்னதே போதும் என்றேன். சரி, மேல் அறைக்குப் போகும் காற்றுக் குழாயை அடைத்துவிடலாம் என்று நிலவறையில் அதைக் கழற்றினார். அது ஏற்கெனவே அடைத்திருந்தது. உள்ளே கையைவிட்டு உருவினார், உருவினார், ஒரு துணி மூட்டை வந்தது. எந்த மடையன் செய்த வேலை என்று நான்தான் முதலில் கத்தினேன். ஹெக்டர் அதை மெதுவாக விரித்துக் காட்டினார். விமானத் தொழிற்சாலைச் சட்டை. நெஞ்சில் சிவப்பு நூலில் 'லேலண்ட்'.

"சார், நீங்க அங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"விமானத்துல காத்து எங்கயாவது கசியுதான்னு பாக்குற வேலை."

அவர் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பாவம், கஷ்டப்பட்டார்.

அப்புறம்தான் நினைவு வந்தது. நீ இரண்டாம் வகுப்புப் படித்த குளிர்காலம். எனக்கு வேலை போயிருந்தது. மூன்று பேரும் கீழேயே படுத்தோம், நீ நடுவில். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று சட்டையைச் சுருட்டித் திணித்தேன். வசந்தத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. நீ மேலே போனாய். சட்டையை மறந்துபோனேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் உனக்கு விஞ்ஞானம் சொன்னேன்.

உன் அம்மாவிடம் இனிச் சொல்ல முடியாது. உன்னிடமாவது சொல்கிறேன்: நீங்கள் இரண்டு பேரும் சொன்னதுதான் சரி. என்னை மன்னித்துவிடு.

ஹெக்டரிடம் பதிமூன்றாயிரத்து இருநூறு என்று சொல்லிவிட்டேன். படகைப் பக்கத்து வீட்டு வெர்னுக்கு விற்றாயிற்று. நீ வரவேண்டும் என்பதற்காக அல்ல. அந்த அறைக்குச் சூடு போக வேண்டும், அவ்வளவுதான்.

சட்டையில் இருந்த பெயர்த் துண்டை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தடயம் உன்னிடமே இருக்கட்டும்.

அப்பா

செயின்ட் பால்
ஆகஸ்ட் 1

அப்பா,

பேருந்தில் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த அம்மாள் வேறு இருக்கைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். அப்போது சிரிக்கவில்லை. நான் நடுவில் படுத்திருந்த அந்தக் குளிர்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்களுக்கு வேலை போனது மட்டும் இன்றுவரை தெரியாது.

பெயர்த் துண்டை என் கோட்டின் உள்பக்கம் தைத்துக்கொண்டேன். விடுதியில் போட்டிருந்த முன்பதிவை ரத்து செய்துவிட்டேன்.

ஒரு நிபந்தனை. மேல் அறைக்குத் தனி தெர்மோஸ்டாட் வைக்க முடியுமா என்று ஹெக்டரைக் கேளுங்கள். அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

உங்கள்
மார்லா

விசிட்டா
ஆகஸ்ட் 19

என் கண்ணே,

வைக்கலாமாம். இன்னும் அறுநூற்று நாற்பது. பேரம் பேசாமல் கொடுத்தேன். ஹெக்டர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா சார்?" என்றார்.

வெர்ன் சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார். என் படகில் என்னையே பின்பலகையில் உட்கார வைத்து, ஆடாமல் இருங்கள் என்கிறார்.

நேற்று மேலே போய் உன் கட்டிலில் உட்கார்ந்தேன். மத்தியானம், வெளியே நூற்று மூன்று டிகிரி. கணுக்காலில் சில்லென்று காற்று பட்டது. புதுத் தெர்மோஸ்டாட் எதிர்ச் சுவரிலேயே இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அதைப் பார்த்தபடி இருந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

டிசம்பரில் வரும்போது கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டு மேலே ஏறி வா.

விஞ்ஞானத்தில் தோற்ற
அப்பா