வெட்டி எடுத்த குரல்

அன்பு மச்சான்,

எல்லைப் பாலத்தில் நெரிசல் என்று இந்த வாரமும் வீட்டுக்கு வராமல் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டீர்கள். இருக்கும்.

என் ஆன்லைன் தையல் வகுப்பு வீடியோக்களில், சுத்தமாக இருக்கட்டும் என்றுதான், படம் பிடிக்கும்போது நடுவே புகும் உங்கள் குரலை வெட்டி எடுத்தேன். இப்போது பாதிப் பேர் பாடத்தை முடிப்பதே இல்லை. தெப்ராவிலிருந்து படிக்கும் அல்ஃபியா போன் செய்தாள். "அக்கா, 'இரு லா, எனக்குப் புரியல'ன்னு நடுவுல ஒருத்தர் கேப்பாரே, எங்க காணோம்? நாங்க கேக்க நெனச்சதத்தான் அவர் கேப்பாரு."

குரலைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை நேரலையில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு குரோங் தைக்கச் சொல்லித் தருகிறேன். காமிராவுக்குப் பின்னால் நீங்கள் இல்லாமல், எந்த இடத்தில் நிறுத்துவது என்றே எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குப் புரியும்வரை சொல்லித் தருகிறவள்